பழைய ஸ்கூட்டருக்கு வீட்டிலேயே பெயிண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிலாக இல்லாமல் ஆசைக்காக வண்டிக்கு பெயிண்ட் அடிக்க நினைப்பவர்களுக்கு இந்தப் பக்கம். எல்லா வண்டியையும் பற்றிப் பொதுவாகப் பேசினால் ஒன்றும் கைக்கு வராது. அதனால் பழைய பெட்ரோல் பஜாஜ் சேத்தக்கையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 1972-ல் வெளிவந்து 2000-களின் நடுப்பகுதிவரை தயாரான வண்டி அது. தனியாக ஃபிரேம் கிடையாது, இரும்புத் தகட்டு உடம்பே மொத்த பாரத்தையும் தாங்குகிறது. எனவே இதில் துருவைக் கவனிப்பது அழகுக்காக மட்டும் இல்லை. பிரியா, வெஸ்பா, பழைய புல்லட், ஆர்எக்ஸ் 100 எதுவானாலும் முறை பெரும்பாலும் இதேதான்.

பட்டறையில் கொடுத்தால் சீக்கிரம் முடிந்துவிடுமே, வீட்டில் எதற்கு?

காசு மிச்சமாகும் என்ற கணக்கில் இறங்க வேண்டாம். கம்ப்ரசர், ஸ்ப்ரே கன், நல்ல மாஸ்க், உப்புத்தாள், தின்னர் என்று கூட்டினால் முதல் வண்டிக்கு மிச்சம் பெரிதாக இருக்காது. லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. பெயிண்ட் பத்து வருஷம் நிற்பதும் அடுத்த மழையிலேயே உப்பிக்கொண்டு வருவதும் அதன் அடியில் நடந்த வேலையைப் பொறுத்தது. பட்டறைக்காரர் ஒரு வண்டிக்கு ஒதுக்கக்கூடிய நேரத்துக்கு எல்லை உண்டு, அதைக் குறை சொல்ல முடியாது. ஃபுட்போர்டின் அடிப்பக்கத் துருவை ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சுரண்ட உங்களால் முடியும். அந்த வேலை பிடித்தால் வீட்டில் செய்யுங்கள். கன்னைப் பிடித்து கலர் அடிக்கும் நேரம் மட்டும்தான் கண்ணில் நிற்கிறது என்றால், மொத்த வேலையில் அது மிகச் சிறிய பங்கு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எவ்வளவு நாள் பிடிக்கும்?

வார இறுதி மட்டும் கிடைக்கும் ஒருவருக்கு ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதம். தினமும் ஆபீஸுக்குப் போக அதே வண்டிதான் என்றால் ஆரம்பிக்காதீர்கள்.

எந்த வகை பெயிண்ட் வாங்குவது? கடையில் என்சி, எனாமல், பியூ, 2கே என்று ஏதேதோ சொல்கிறார்கள்.

மூன்று குடும்பம் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

முதலாவது என்சி, அதாவது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். தின்னர் ஆவியாகிப் போனதும் காய்ந்துவிடும், வேறு ரசாயன மாற்றம் எதுவும் நடப்பதில்லை. 1920-களில் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி டூகோ என்ற பெயரில் கொண்டுவந்தது இந்த வகைதான். கார் பெயிண்ட் காய நாள்கணக்கில் காத்திருந்த காலத்தை அது மணிக்கணக்காகக் குறைத்தது. நம் ஊர் தச்சர்கள் இன்றைக்கும் டூகோ பெயிண்ட் என்று சொல்வது அந்தப் பெயரின் தொடர்ச்சி. பத்துப் பதினைந்து நிமிடத்தில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடுவதால் தூசி ஒட்ட நேரம் இல்லை. தப்பு நடந்தால் மறுநாள் தேய்த்துவிட்டுத் திரும்ப அடிக்கலாம். கற்றுக்கொள்பவருக்கு இதைவிட இரக்கமுள்ள பெயிண்ட் இல்லை. குறை என்னவென்றால் அடித்தவுடன் பளபளப்பு வராது, பாலிஷ் போட்டுத்தான் வரவழைக்க வேண்டும். பெட்ரோல் சிந்தினால் தாங்காது.

இரண்டாவது சிந்தெடிக் எனாமல். இது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாகக் காயும். அடித்தவுடனேயே பளபளக்கும். ஆனால் பல மணி நேரம் பிசுபிசுவென்று இருப்பதால் தெருவில் போகும் தூசியெல்லாம் அதில் வந்து உட்காரும். முழுசாக இறுக நாட்கள் ஆகும்.

மூன்றாவது 2கே, அல்லது பியூ (பாலியூரித்தேன்). பெயிண்டையும் ஹார்டனரையும் கலந்து அடிப்பது. பளபளப்பு, உறுதி, பெட்ரோல் தாங்கும் சக்தி எல்லாவற்றிலும் மற்ற இரண்டையும் விட நல்லது. இன்றைய பட்டறைகளில் இதுதான் வழக்கம். இதை வீட்டில் அடிக்க வேண்டாம் என்பது என் முடிவான கருத்து. காரணம் அடுத்த பதிலில்.

2கே பெயிண்டை வீட்டில் அடித்தால் என்ன? யூடியூபில் எல்லோரும் மாடியில் வைத்து அடிக்கிறார்களே?

அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது அது மெல்லிய துளிகளாகக் காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போகிறது. தோல் வழியாகவும் பாதிக்கும். ஆஸ்துமாவை உண்டாக்கும் பொருள் என்று பெயிண்டர்கள் மத்தியில் பல நாடுகளில் பதிவானது இது. மோசமான விஷயம் இரண்டு. ஆபத்தான அளவில் இருந்தாலும் அதன் வாசனை மூக்குக்குத் தெரியாது, எனவே மாஸ்க்கின் ஃபில்டர் தீர்ந்துபோனதை நீங்கள் உணர முடியாது. அடுத்தது, ஒருவர் உடம்பு ஒருமுறை இதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலே மூச்சு இறுகும், அது பழைய நிலைக்குத் திரும்பாமலே போகலாம். நெஞ்சு இறுக்கமும் இருமலும் உடனே வராமல் ராத்திரி வருவதும் உண்டு. அதனால் பலர் காரணத்தைக் கண்டுபிடிப்பதே இல்லை.

இதை முறையாக அடிக்க வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே கொண்டுவரும் மாஸ்க், காற்றை உறிஞ்சி வெளியேற்றும் தனி அறை, உடம்பு முழுக்க மூடும் உடை எல்லாம் வேண்டும். பக்கத்து அறையில் குழந்தை தூங்கும் வீட்டில் இது நடக்காது. 2கே ஸ்ப்ரே கேன் என்று விற்பதிலும் பெரும்பாலும் அதே ஹார்டனர்தான். அடியைத் திருகி உடைத்தால் உள்ளே கலக்கும் வகை அது.

2கே தான் வேண்டும் என்றால் நல்ல வழி ஒன்று உண்டு. கழற்றுவது, துரு எடுப்பது, பட்டி, தேய்ப்பது எல்லாம் வீட்டில் செய்துவிட்டு, கலருக்கும் அதன் மேல் அடிக்கும் நிறமற்ற கிளியருக்கும் மட்டும் பூத், அதாவது மேலே சொன்ன தனி அறை, உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள். கலருக்கு அடியில் என்ன பிரைமர் அடித்துக்கொண்டு வரலாம் என்று முன்கூட்டியே அவரிடம் கேளுங்கள். அடியில் என்சி இருந்தால் 2கே அதை ஊறவைத்துச் சுருக்கிவிடலாம்.

அப்படியானால் என்சிக்கு மாஸ்க் வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். தின்னர் ஆவி தலைவலி, மயக்கம் தரும், தொடர்ந்து சுவாசித்தால் நரம்பையும் பாதிக்கும். துணி, சர்ஜிகல் மாஸ்க் உதவாது. என்95 தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. இரண்டு பக்கமும் உருண்டையாக ஃபில்டர் மாட்டும் ரப்பர் மாஸ்க் வாங்குங்கள். ஆர்கானிக் வேப்பர் என்று எழுதிய கார்ட்ரிட்ஜும் அதன் முன்னால் தூசி ஃபில்டரும் இருக்க வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகுந்துவிடும், அந்த வாரம் மழித்துவிடுவது நல்லது. வேலை முடிந்ததும் கார்ட்ரிட்ஜைக் காற்றுப் புகாத கவரில் போட்டு வையுங்கள். திறந்து வைத்தால் அறையில் இருக்கும் ஆவியை உறிஞ்சியே அது தீர்ந்துவிடும். உப்புத்தாள் தேய்க்கும்போதும் தூசி மாஸ்க் போட வேண்டும். பழைய மஞ்சள், சிவப்பு பெயிண்ட்களில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு என்பதால் அவற்றைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது நல்லது. குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கேட்டுக்கு அடிக்கும் எனாமலையே அடிக்கலாமா? பிரஷ்ஷில்?

அடிக்கலாம், அது ஒன்றும் கேவலம் இல்லை. நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் பிரஷ்ஷால் எனாமல் அடித்து அதன் மேல் பூவும் மயிலும் வரைகிற கைகளைப் பார்த்தால் பிரஷ் மேல் மரியாதை வரும். ஆனால் வீட்டு எனாமல் நம் வெயிலில் சீக்கிரம் மங்கும், லேசாக உரசினாலே கோடு விழும். சைக்கிளுக்கு, டிவிஎஸ் 50-க்கு, தோட்டத்தில் ஓடும் வண்டிக்கு அது போதும். சேத்தக்கின் வளைந்த உடம்பில் பிரஷ் கோடு தெரியாமல் அடிக்க நல்ல கைப்பழக்கம் வேண்டும்.

வண்டியில் ஏற்கெனவே இருப்பது என்ன பெயிண்ட் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் டப்பாவைத் திறக்கவே கூடாது. ஒதுக்குப்புறமான இடத்தில், தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியை அரை நிமிடம் அழுத்தி வைத்துத் துடையுங்கள். கலர் கரைந்து துணியில் ஏறினால் அது லாக்கர். தோல் உரிவதுபோல் சுருங்கி எழும்பினால் எனாமல். ஒன்றுமே ஆகவில்லை என்றால் கம்பெனியில் சூடேற்றிக் காயவைத்த பெயிண்ட், அல்லது 2கே.

லாக்கர் மேல் எனாமல் அடிக்கலாம். எனாமல் மேல் லாக்கர் அடித்தால் அதிலிருக்கும் காரமான தின்னர் கீழே உள்ளதைச் சுருக்கிவிடும். பல கை மாறிய வண்டியில் கம்பெனி பெயிண்ட், அதன் மேல் யாரோ அடித்த எனாமல், அதன் மேல் இன்னொன்று என்று மூன்று நான்கு அடுக்கு இருக்கும். அந்த மாதிரி வண்டியைத் தகடு தெரியும்வரை உரித்துவிடுவதுதான் நிம்மதி. கம்பெனி பெயிண்ட் ஒற்றை அடுக்காக, உறுதியாக இருந்தால் உரிக்க வேண்டாம். 400 நம்பர் உப்புத்தாளில் (நம்பர் கூடக் கூடத் தாள் மென்மை) மொத்தமாக மங்கலாக்கினால் போதும், அதைவிட நல்ல அடித்தளம் வீட்டில் செய்ய முடியாது.

எதையெல்லாம் கழற்ற வேண்டும்?

முடிந்த அளவு எல்லாவற்றையும். டேப் ஒட்டி மறைத்து அடித்த வண்டி ஆறு மாதத்தில் ரப்பர் ஓரங்களில் உரிய ஆரம்பிக்கும். இரண்டு பக்கமும் உள்ள சைடு பேனல், முன் மட்கார்டு, ஹாரன் மூடி, ஹெட்லைட் வளையம், சீட், பெட்ரோல் டேங்க், ஃபுட்போர்டு ரப்பர்ப் பட்டைகள் கட்டாயம் வெளியே வர வேண்டும். டேங்கை முதலில் காலி செய்துவிட்டு, வண்டியிலிருந்து தூரத்தில் கொண்டுபோய் வையுங்கள். ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுத்து, நட்டு போல்ட்டைத் தனித்தனி கவரில் போட்டு எழுதி வையுங்கள். கேபிள்கள் எந்தப் பக்கமாகப் போகின்றன என்பது பூட்டும்போது ஞாபகம் இருக்காது.

இன்னொன்று, சேஸி நம்பர் குத்தியிருக்கும் இடத்தைத் தேடி முதலிலேயே டேப் ஒட்டிவிடுங்கள். அதன் மேல் பட்டியோ தடித்த பெயிண்டோ ஏறினால் எஃப்சிக்குப் போகும்போது பென்சில் பிரிண்ட் எடுக்க முடியாமல் அவதிப்படுவீர்கள்.

துருவை என்ன செய்வது?

சேத்தக்கில் ஃபுட்போர்டு ரப்பர்ப் பட்டைகளின் அடியிலும் முன் மட்கார்டின் உட்பக்கத்திலும் தண்ணீர் தேங்கும். மேலே பார்த்தால் சின்னக் கொப்புளம், குத்திப் பார்த்தால் ஓட்டை. ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். மொத்து மொத்தென்று சத்தம் வந்தாலோ, முனை உள்ளே போனாலோ அங்கே தகடு வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். உடம்பே வண்டியைத் தாங்குகிறது என்பதால் அந்த இடத்தில் பட்டி போட்டு மூடுவது ஆபத்து. அது நல்ல வெல்டரின் வேலை.

மேலோட்டமான துருவுக்குக் கம்பி பிரஷ், 80 நம்பர் தாள். குழிகளுக்குள் மிஞ்சியிருப்பதற்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி. அது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். கையுறை, கண்ணாடி போட்டுத் தடவி, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, கழுவிக் காயவைத்து அன்றைக்கே பிரைமர் அடியுங்கள். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் தேய்த்த தகட்டை ஒரு ராத்திரி திறந்து வைத்தாலே மஞ்சள் பூக்கும். தேய்த்த பளபளத் தகட்டை வெறும் கையால் தொடவும் கூடாது, வியர்வை உப்பு பட்ட இடத்தில் விரல் ரேகையோடு துரு வரும்.

ஒடுக்கும் பட்டியும்?

பெரிய ஒடுக்கை டிங்கரிடம் கொடுத்து முதலில் தட்டி எடுத்துவிடுங்கள். பட்டி மேடு பள்ளத்தைச் சமன் செய்யத்தான், ஆழத்தை நிரப்ப இல்லை. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தேவைப்பட்டால் தகடு இன்னும் நிமிரவில்லை என்று அர்த்தம்.

ஹார்டனர் கலக்கும் பாலியெஸ்டர் பட்டியை 80 நம்பர் தாளில் தேய்த்த சுத்தமான தகட்டில் போடலாம். தகட்டை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர் மேல் நேராகப் போடக் கூடாது. ஹார்டனர் எடையில் சுமார் 2 சதவீதம். நம் வெயிலில் கொஞ்சம் குறைத்தாலும் இறுகும். சீக்கிரம் காயட்டும் என்று அதிகமாகக் கலந்தால் அந்தக் கறை பிறகு மேல் பெயிண்ட் வழியாகத் தெரியும். சின்னச் சின்னதாகக் கலந்து போடுங்கள், சில நிமிடத்தில் கல்லாகிவிடும்.

முக்கியமான விஷயம், இந்தப் பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள். அது நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே பெயிண்ட் மூடியபின் உள்ளேயிருந்து துருவும் கொப்புளமும் கிளம்பும். மரக்கட்டையில் தாளைச் சுற்றி உலர்ந்த நிலையில் தேய்க்க வேண்டும். விரலால் தேய்த்தால் பள்ளம் விழும். சரியாகிவிட்டதா என்று பார்க்கக் கண்ணைவிட உள்ளங்கை நல்லது. மெல்லிய துணிக் கையுறை போட்டு கண்ணை மூடித் தடவினால் மேடு பள்ளம் தெரியும். ஊசித் துளைகளுக்கு மட்டும் என்சி பட்டி, அதுவும் மிக மெல்லிசாக. அது காயக் காயச் சுருங்கும்.

ஹார்டுவேர் கடை ரெட் ஆக்சைடை பிரைமராக அடிக்கலாமா?

மேலே எனாமல் அடிப்பதானால் சரி. என்சி அடிப்பதானால் கூடாது. கிரில்லுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு எனாமல் குடும்பம், மேலே லாக்கர் பட்டதும் சுருங்கும். என்சி சர்ஃபேசர் (சின்னக் கோடுகளை நிரப்பும் தடித்த பிரைமர்) அல்லது எட்ச் பிரைமர் மேல் என்சி சர்ஃபேசர் என்று போங்கள். பிரைமர் மட்டும் அடித்த வண்டியை மழையில் நிறுத்தாதீர்கள், பிரைமர் ஈரத்தை உள்ளே விடும்.

எந்த நம்பர் உப்புத்தாள் எப்போது?

துருவுக்கும் பட்டிக்கும் 80-ல் ஆரம்பித்து 180, 320. பிரைமர் அடிக்குமுன் 320 அல்லது 400. பிரைமர் மேல், தண்ணீர் விட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர் 600, பிறகு 800. மேல் பெயிண்டை பாலிஷுக்குத் தயார் செய்ய 1000, 1500, 2000. எந்தப் படியையும் தாண்டாதீர்கள். 80 நம்பர் விட்ட கோட்டை 600 அழிக்காது, என்சி சுருங்கச் சுருங்க ஒரு மாதம் கழித்து அந்தக் கோடு மேலே வரும்.

பிரைமரைத் தேய்க்கும் முன் கறுப்பு பெயிண்டைத் தூரத்திலிருந்து புள்ளி புள்ளியாகத் தூவிவிட்டுத் தேய்த்துப் பாருங்கள். கறுப்பு எங்கே மிஞ்சுகிறதோ அது பள்ளம். இந்த ஒரு பழக்கம் வேலையின் தரத்தை அப்படியே மாற்றிவிடும்.

ஸ்ப்ரே கேன் போதுமா, கம்ப்ரசர் வேண்டுமா?

மட்கார்டு, ஹாரன் மூடி போன்ற சின்ன உருப்படிகளுக்குக் கேன் போதும். முழு ஸ்கூட்டருக்குக் கேன் வாங்கினால் செலவு கூடும், கேனுக்குக் கேன் நிறமும் லேசாக மாறும்.

வீட்டில் பலர் வைத்திருப்பது 1 ஹெச்பி, 25 லிட்டர் டேங்க் கம்ப்ரசர். நிமிடத்துக்கு நான்கு கன அடி அளவில்தான் அது காற்று தரும். கார் அடிக்கும் பெரிய கன் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு கேட்கும், பாதி பேனலில் அழுத்தம் இறங்கிக் கட்டி கட்டியாகத் துப்பும். 0.8 அல்லது 1 மில்லிமீட்டர் முனையுள்ள சின்ன கன் வாங்குங்கள். ஸ்கூட்டர் உடம்புக்கு அது அழகாகப் போதும். பிரைமர் கெட்டி என்பதால் அதற்கு மட்டும் தின்னர் கொஞ்சம் அதிகம் விட வேண்டியிருக்கும். காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டரைக் கம்ப்ரசர் வாயில் மாட்டாமல் ஹோஸின் மறுமுனைப் பக்கம் மாட்டுங்கள். காற்று குளிர்ந்த பிறகுதான் அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் பிரியும். டேங்கின் அடி வால்வைத் திறந்து தினமும் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

எந்த இடம், எந்த மாதம்?

நான்கு பக்கமும் பாலிதீன் ஷீட் கட்டிய கார் ஷெட் நல்லது. இரண்டு எதிர்ப் பக்கங்களில் காற்று வந்து போக வழி விடுங்கள். தரையை நனைத்துவிட்டால் தூசி எழும்பாது. மொட்டை மாடியில் காற்றும் வெயிலில் காய்ந்த தகடும் பிரச்சினை. பக்கத்து வீட்டுக் கார் அருகில் இருந்தால் எனாமல் அடிக்கவே அடிக்காதீர்கள். அதன் துளி ஈரமாகவே பறந்துபோய் ஒட்டும். என்சி துளி பெரும்பாலும் காற்றிலேயே காய்ந்து பொடியாக விழும். எதுவானாலும் அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு, கொடியில் துணி இல்லாத நேரத்தில் அடிப்பது மரியாதை.

மாதம் என்றால் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. காலை பனி விலகியபின், பத்து மணிக்கு மேல். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் என்சியைத் தொடாதீர்கள். சித்திரை வெயிலில் பெயிண்ட் தகட்டை எட்டுமுன்பே காய்ந்து சொரசொரப்பாக உட்காரும், அப்போது மெதுவாக ஆவியாகும் தின்னர் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடிக்கும் முறையைக் கொஞ்சம் விளக்க முடியுமா?

திருப்பூர் பனியன் வேஸ்ட் கிரீஸ் துடைக்கத்தான், கடைசித் துடைப்புக்கு வேண்டாம், நூல் விடும். கிரீஸ் நீக்கும் திரவத்தால் துடைத்து, ஒட்டும் தன்மையுள்ள டேக் துணியால் தூசி எடுங்கள். பெயிண்டையும் தின்னரையும் சமமாகக் கலந்து, தேவையானால் தின்னரைக் கொஞ்சம் கூட்டி, வலையில் வடிகட்டுங்கள். அழுத்தம் 30 பிஎஸ்ஐ சுற்றி. கன்னோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி.

பழைய தகரத்தில் அல்லது அட்டையில் அடித்துப் பழகிவிட்டு வண்டிக்கு வாருங்கள். கன் தகட்டிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர். மணிக்கட்டை வளைக்காமல் கை முழுவதும் நகர வேண்டும். பேனலுக்கு வெளியே விசையை அழுத்தி, மறுபக்கம் பேனலைத் தாண்டியபின் விசையை விட வேண்டும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூட வேண்டும். முதலில் ஓரங்கள், உள்மடிப்புகள், பிறகு பரப்பு. முதல் பூச்சில் அடி மறைய வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள், மெல்லிய பனிபோல் போதும். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் நான்கைந்து பூச்சு. வேகத்தைப் பழகுவதுதான் மொத்த வித்தையும்: மெதுவாகப் போனால் வழியும், வேகமாகப் போனால் சொரசொரக்கும்.

அடித்ததும் வெள்ளையாகப் புகை படிந்தமாதிரி ஆகிவிட்டது. ஏன்?

ஈரக் காற்று. தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகட்டைக் குளிர்விக்கிறது, காற்றிலிருக்கும் ஈரம் அதன் மேல் படிந்து பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. பயப்பட வேண்டாம். வெயில் வந்ததும் மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரை மட்டும் மெல்லிசாக அதன் மேல் தூவினால் பெயிண்ட் இளகி, ஈரம் வெளியேறித் தெளிந்துவிடும்.

வட்ட வட்டமாகக் குழி விழுகிறது, சில இடம் சுருங்குகிறது, சில இடம் வழிகிறது.

வட்டக் குழி சிலிக்கானால் வருவது. எப்போதோ போட்ட பாலிஷ், டயர் பளபளப்பு ஸ்ப்ரே, தலைக்குத் தடவிய எண்ணெய் பட்ட கை எல்லாமே காரணமாகலாம். காயவிட்டு, தேய்த்து, கிரீஸ் நீக்கியால் இரண்டுமுறை துடைத்துத் திரும்ப அடியுங்கள். மேலே மேலே அடித்தால் குழி மூடாது. சுருங்குவது அடியில் எனாமல் இருப்பதால், அந்த இடத்தை உரிக்க வேண்டியதுதான். வழிசலை ஈரத்தில் தொடாதீர்கள். ஓரிரு நாள் கழித்து கட்டையில் 1000 நம்பர் தாள் சுற்றித் தேய்த்தால் போய்விடும். ஆரஞ்சுத் தோல்போல் வந்தால் பெயிண்ட் கெட்டியாக இருக்கிறது, அல்லது கன் தூரத்தில் இருக்கிறது.

எந்த நிறம் நல்லது?

முதல் வண்டிக்கு மெட்டாலிக் வேண்டாம். அலுமினியத் துகள் ஒரே சீராகப் படியாமல் திட்டுத் திட்டாகத் தெரியும். கறுப்பு ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். வெள்ளை, தந்த நிறம், வெளிர் நீலம், வெளிர் பச்சை எல்லாம் கைக்கு அடங்கும், பழைய சேத்தக்குக்குப் பொருந்தவும் செய்யும். பழைய நிறமே வேண்டுமானால் கலர் கலக்கும் கடைக்கு, வெயில் படாத உட்பக்கம் பளிச்சென்றிருக்கும் உருப்படியைக் கொண்டுபோங்கள். வெளிப்பக்கம் மங்கியதைப் பார்த்துக் கலந்தால் மங்கிய நிறம்தான் வரும். ஒரு ஸ்கூட்டருக்கு ஒரு லிட்டர் தாராளம். ஒரே தடவையில் கலக்கச் சொல்லுங்கள்.

நிறம் மாற்றினால் ஆர்டிஓவில் சொல்ல வேண்டுமா?

ஆம். நிறம் ஆர்சியில் பதிவான விவரம். அதே நிறம் என்றால் ஒன்றும் தேவையில்லை. வேறு நிறம் என்றால் அடிக்குமுன் ஆர்டிஓ அலுவலகத்தில் விண்ணப்பித்துத் திருத்திக்கொள்ளுங்கள், இன்சூரன்ஸிலும் மாற்றுங்கள். தனியார் வண்டிக்குப் பதினைந்து வருஷத்துக்குப்பின் பதிவைப் புதுப்பிக்கும்போது வண்டியையும் ஆர்சியையும் ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள். ராணுவப் பச்சை மட்டும் கூடவே கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 121-வது விதி அந்த ஆலிவ் பச்சையைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது. பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பளபளப்பு எப்படி வரவழைப்பது?

ஒரு வாரமாவது விடுங்கள், என்சி உள்ளே இறுகட்டும். பிறகு சோப்புத் தண்ணீரில் 1000, 1500, 2000. பால் போன்ற மங்கலான ஒரே சீர் வரும்வரை தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட், அதன்பின் பாலிஷ். விளிம்புகளில் பெயிண்ட் மெல்லிசாக இருக்கும், அங்கே டேப் ஒட்டிவிட்டுத் தேய்த்தால் அடி தெரியாமல் தப்பிக்கலாம். மெஷின் வேண்டாம், கையாலேயே செய்யலாம். மெழுகை ஒரு மாதம் கழித்துப் போடுங்கள்.

பெட்ரோல் போடும்போது சிந்தினால்?

என்சி இளகும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் இன்னும் கவனம் வேண்டும். டூ-ஸ்ட்ரோக் சேத்தக்கில் ஆயில் வேறு கலந்து ஊற்றுகிறோம். டேங்க் வாயைச் சுற்றி ஒரு துணி வைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள், சிந்தினால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

சைலன்சர், ரிம், பிளாஸ்டிக் பாகங்கள்?

சைலன்சருக்கு வெப்பம் தாங்கும் பெயிண்ட் மட்டும். ரிம்முக்கும் ஸ்டாண்டுக்கும் பவுடர் கோட்டிங் கொடுத்துவிடுவது சிறந்தது, அம்பத்தூர், கோவை போன்ற தொழிற்பேட்டை ஊர்களில் எளிதாகச் செய்யலாம். 180, 200 டிகிரி அடுப்பில் சுடுவார்கள் என்பதால் சாதாரண பட்டி போட்ட உருப்படியைக் கொடுக்காதீர்கள். அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர், பிளாஸ்டிக்குக்கு அதற்கென்று உள்ள ஒட்டுப் பிரைமர்.

தீப்பிடிக்குமா?

என்சியும் தின்னரும் மிகச் சீக்கிரம் பற்றும். ஆவி தரையோடு தவழ்ந்து அடுத்த அறைவரை போகும். சமையலறை அடுப்பு, பூஜை விளக்கு, ஊதுபத்தி எல்லாம் அணைந்திருக்க வேண்டும். சாதாரண ஃபேனை வைத்து ஆவியை அதன் மோட்டார் வழியாக இழுக்காதீர்கள், சுவிட்சையும் அந்த நேரம் தட்டாதீர்கள். கம்ப்ரசர் ஷெட்டுக்கு வெளியே நிற்கட்டும். தரையில் படிந்த காய்ந்த என்சிப் பொடியும் எரியக்கூடியது, நனைத்துக் கூட்டி அள்ளுங்கள். தின்னர், எனாமல் துணிகளைக் கசக்கிக் குவிக்காமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள். எனாமல் துணிக் குவியல் தானாகவே சூடேறக்கூடியது.

மிச்சத் தின்னரையும் பெயிண்டையும் என்ன செய்வது?

கன் கழுவிய தின்னரைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ கொட்டாதீர்கள். மூடி போட்ட தகர டப்பாவில் விட்டால் சில நாளில் வண்டல் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை அடுத்தமுறை கன் கழுவ எடுத்துக்கொள்ளலாம். மிஞ்சிய பெயிண்டைச் சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் வாய்வரை நிரப்பி, தேதியும் நிறமும் எழுதி நிழலில் வையுங்கள். பாட்டிலில் காற்று குறைவாக இருந்தால் பல வருஷம் கெடாது. கீறல் விழும்போது தீக்குச்சியின் பின்முனையால் ஒரு துளி வைத்து, காய்ந்ததும் இன்னொரு துளி வைத்து, சுற்றியுள்ள மட்டத்துக்குச் சற்று மேலே வந்ததும் 2000 நம்பரில் லேசாகத் தேய்த்து பாலிஷ் போடுங்கள்.